பி.ஜி.எம்.ஐ.யா, ஃப்ரீ ஃபயரா, கிரிக்கெட்டா? நெல்லைப் பக்கம் யாருக்கு எது சரி

பாளையங்கோட்டையில் கல்லூரி வாசலிலோ வள்ளியூர் டீக்கடை பெஞ்சிலோ நாலு பையன்கள் போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால், அது அநேகமாக இரண்டில் ஒன்றுதான். பி.ஜி.எம்.ஐ., இல்லையென்றால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். இரண்டுமே கடைசி வரை யார் உயிரோடு நிற்கிறார்கள் என்று பார்க்கும் துப்பாக்கிச் சண்டை மொபைல் கேம்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றை ஒன்று ஆகாது. "அது சின்னப் பயலுவ கேம்ல" என்பான் ஒருத்தன். "ஒங்க கேம்ல அரை மணி நேரம் புல்லுக்குள்ள படுத்தே கெடக்கணும்" என்பான் இன்னொருத்தன். நான் இரண்டையும் விளையாடுகிறேன், இரண்டும் பிடிக்கும். எது உசத்தி என்ற சண்டையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இடையில் யாரும் கூப்பிடாமல் உங்களுக்குத் தொடர்ச்சியாக எத்தனை நிமிடம் கிடைக்கும்? அதற்குப் பதில் தெரிந்தால் எந்த கேம் என்பது பாதி முடிவாகிவிடும்.

கூட்டம் இப்படி இரண்டாகப் பிரிந்ததற்கு ஒரு கதை உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. அதே விளையாட்டை 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ., என்ற பெயரில் கொண்டுவந்தது. அதுவும் 2022 ஜூலையில் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. சிங்கப்பூர் நிறுவனமான கரீனாவின் ஃப்ரீ ஃபயரோ 2022 பிப்ரவரியில் தடையானது. ஆனால் அதன் மெருகேற்றிய வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தடைப் பட்டியலில் இல்லை, அதனால் அது தப்பித்துக்கொண்டது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு ஸ்க்வாட், அதாவது சேர்ந்து ஆடும் நாலு பேர் அணி, உடைந்தது. திரும்பி வந்தவர்களும் உண்டு, போன இடத்திலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

முதலில் பி.ஜி.எம்.ஐ. எராங்கல் மேப்பில் நூறு பேர் பாராசூட்டில் இறங்குகிறார்கள். எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர். நடுவில் இருக்கும் போச்சின்கியில் குதித்தால் இரண்டு நிமிடத்தில் சண்டை. ஓரத்தில் குதித்தால் நிதானமாக லூட் (அங்கங்கே கிடக்கும் துப்பாக்கி, தோட்டா, மருந்து) எடுக்கலாம், ஆனால் ஸோன் என்ற பாதுகாப்பு வட்டம் சுருங்கச் சுருங்க ஓட வேண்டும். கடைசி வரை நின்றால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த அரை மணி நேரம் தண்டனைதான். எனக்கு இதில்தான் மொத்த ருசியும்.

ஒரு கடைசி வட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் மிச்சம். நீங்கள் ஒரு மரத்துக்குப் பின்னால். ஹெட்செட்டின் இடது காதில் காலடிச் சத்தம். புல்லில் நடக்கும்போது ஒரு மாதிரி, மரத்தரையில் நடக்கும்போது வேறு மாதிரி. சத்தத்தைக் கேட்டே ஆள் குடிசைக்குள் நுழைந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். உடனே சுட்டால் உங்கள் இடம் மூன்றாவது ஆளுக்குத் தெரிந்துவிடும். சுடாமல் இருந்தால் ஸோன் உங்களைத் தள்ளிவிடும். அந்த இருபது நொடியில் விரலுக்கு வேலையே இல்லை, மொத்த வேலையும் தலைக்குத்தான். தூரத்தில் ஓடுகிறவனைச் சுட வேண்டுமானால் தோட்டா பறக்கும் நேரத்தையும், அது கீழே இறங்குவதையும் மனசில் கணக்குப் போட்டு, ஆளுக்குச் சற்று முன்னாலும் மேலாலும் குறிவைக்க வேண்டும். எட்டு மடங்கு ஸ்கோப்பில் அந்தக் கணக்கு சரியாக விழும்போது வரும் சந்தோஷம் வேறு எந்த மொபைல் கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஃப்ரீ ஃபயர் இதற்கு நேர் எதிர். ஐம்பது பேர், சின்னத் தீவு, பத்து பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் நம்ம பக்கத்தில் நான் பார்த்தவரை அந்தப் பெரிய மேட்ச்சைவிட கிளாஷ் ஸ்க்வாடுக்குத்தான் மவுசு. நாலு பேருக்கு நாலு பேர். ஒவ்வொரு ரவுண்டிலும் கையில் இருக்கும் காசுக்குத் துப்பாக்கி வாங்க வேண்டும். முதலில் நாலு ரவுண்டு ஜெயித்தவர்கள் ஜெயித்தவர்கள். ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு மேட்ச் முடிந்துவிடும்.

இதைச் 'சின்னப் பயலுவ கேம்' என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு நல்ல ஆட்டக்காரனின் கட்டைவிரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. குளூ வால் என்று ஒன்று உண்டு. வீசிய இடத்தில் சட்டென்று ஒரு பனிச்சுவர் எழும்பும். திறந்தவெளியில் முதல் தோட்டா பட்ட அந்த நொடியில் திரும்பிச் சுவரைப் போட்டு, குனிந்து, சுவரின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து, திரையில் விரலை மேல்நோக்கி இழுத்துத் தலையில் அடித்து, எதிரி சுவரை உடைப்பதற்குள் அடுத்த சுவரைப் போட்டு முன்னேறுவார்கள். எல்லாம் மூன்று நான்கு நொடிக்குள். எனக்கு அந்த வேகம் வராது. வருகிறவனைப் பார்த்தால் மரியாதை தோன்றுகிறது. வீரவநல்லூரில் என் சித்தி மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

நேரத்துக்கு அடுத்தது போன். நெல்லைப் பக்கம் பிளஸ் டூ பையன் கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவோ அண்ணனோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த போன்தான். பழைய ஃப்ரீ ஃபயர் சாதாரண போன்களில் ஓட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. மேக்ஸ் அதைவிடக் கனம், ஆனாலும் பி.ஜி.எம்.ஐ.யைவிட லேசு. பி.ஜி.எம்.ஐ.யில் மேப்புகளையும் சேர்த்து இறக்கினால் பல ஜி.பி. போய்விடும். குடும்ப போட்டோக்களை அழித்துவிட்டு கேம் ஏற்றிய பையன்களுக்கு வீட்டில் கிடைத்த பூசையை நான் பார்த்திருக்கிறேன்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து எராங்கல் ஆடினால் பதினைந்தாவது நிமிடத்தில் போன் கையைச் சுடும். சூடேறிய போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும், படம் திக்கித் திக்கி ஓடும். அதுவும் சரியாகக் கடைசி வட்டத்தில், கூர்மை தேவைப்படும் நேரத்தில். கிளாஷ் ஸ்க்வாடில் போன் சூடேறுவதற்குள் மேட்ச்சே முடிந்திருக்கும். கோடையில் நான் பகலில் பி.ஜி.எம்.ஐ.யைத் திறப்பதே இல்லை.

நெட் இரண்டுக்கும் வேண்டும். பிங், அதாவது சர்வரோடு போய்வர ஆகும் மில்லி நொடி, ஐம்பதுக்குள் இருந்தால் சொர்க்கம், இருநூறைத் தொட்டால் நீங்கள் சுட்ட ஆள் அங்கே இருக்கவே மாட்டான். டவுனிலும் பாளையிலும் பெரிதாகப் பிரச்சினை இல்லை. பாபநாசம் தாண்டி மலை ஏறினால் இரண்டு கேமையும் மறந்துவிடலாம். குற்றாலத்தில் சாரல் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அத்தனை கூட்டமும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போதும் அதே கதைதான்.

இந்த இடத்தில்தான் கிரிக்கெட் நுழைகிறது. துப்பாக்கிச் சண்டைக்காரர்கள் இதை ஒரு போட்டியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் செங்கோட்டை பாசஞ்சரில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று போகும்போது, சிக்னல் வந்து வந்து போகும் அந்த வழியில், அடுத்த சீட்டுப் பையன் நிம்மதியாக ஆடிக்கொண்டிருப்பது வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்பைத்தான். சுருக்கமாக டபிள்யூ.சி.சி. சென்னையில் இருக்கும் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்தது. 2015இல் வந்த இரண்டாம் பாகத்தை நெட் இல்லாமலே ஆடலாம். மூன்றாம் பாகத்தில் தமிழ் வர்ணனையும் உண்டு. நம்ம ஊர்க்காரர்கள் செய்த கேம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டு வரும் பையன்கள் பஸ்ஸிலேயே அதே ஷாட்டை போனில் அடித்துப் பார்ப்பார்கள். இன்னொரு நல்லது: ஒரே போனை இரண்டு பேர் ஓவருக்கு ஓவர் மாற்றிக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் ஒரு போனை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போகலாம், உங்களை நம்பி மூன்று பேர் எங்கோ ஒரு மூலையில் காத்துக் கிடக்க மாட்டார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரின் பந்துவீச்சு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடித்து ஐந்து ஓவரில் நூறைத் தாண்டிவிடலாம். அதன்பிறகு சலிப்புத்தான். எதிரில் ஒரு மனுஷன் இருப்பதன் சவால் அதில் இல்லை.

காசு விஷயத்தில் மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் வர மாட்டேன், பி.ஜி.எம்.ஐ.தான் யோக்கியம். அங்கே யூ.சி. (காசு போட்டு ஏற்றும் கேம் நாணயம்) கொடுத்து வாங்குவது உடையும் துப்பாக்கியின் வண்ணமும்தான். ஐயாயிரம் செலவழித்தவனின் எம்416 துப்பாக்கியும், ஒரு பைசா போடாதவனின் எம்416ம் ஒரே அடிதான் அடிக்கும். ஃப்ரீ ஃபயரில் ஸ்கின் எனும் துப்பாக்கியின் மேல்வண்ணத்துக்கே கூடுதல் சக்தி உண்டு, கேரக்டர்களுக்குத் தனித்தனித் திறமை உண்டு. ஆலோக்கைப் போட்டால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஹெல்த் ஏறும், கெல்லியைப் போட்டால் வேகமாக ஓடலாம். எல்லாவற்றுக்கும் டைமண்ட் (அங்கே காசு போட்டு ஏற்றும் கேம் நாணயம்) வேண்டும் என்றில்லை, இலவசமாகவும் சிலது கிடைக்கும். ஆனால் வகுப்பில் ஒருத்தன் டைமண்ட் ஏற்றினால் மற்றவர்களுக்கும் கை அரிக்கிறது. விரலில் அத்தனை திறமை உள்ள பையன் ஸ்கின் இல்லை என்பதால் தோற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அதே மூச்சில் இதையும். கஸ்டம் ரூமில், அதாவது தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு நாமே நடத்தும் மேட்ச்சில், தலைக்கு இவ்வளவு என்று பந்தயம் கட்டி ஆடும் பழக்கம் இரண்டு கேமிலும் இருக்கிறது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைபோட்டு 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமே வந்துவிட்டது. கேம் சும்மாதான், பந்தயம் சும்மா இல்லை. வாட்ஸ்அப்பில் 'என்ட்ரி' (நுழைவுக் காசு) கேட்டு யாராவது மெசேஜ் அனுப்பினால் தம்பிகள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மைக் பற்றி ஒன்று. முன்பின் தெரியாத ஸ்க்வாடில் சேர்ந்து மைக்கை ஆன் செய்தால், தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குரல் வரும். பி.ஜி.எம்.ஐ.யில் பேசுவதற்கு நேரம் இருப்பதால் இது கூடுதலாக நடக்கும். ஒருநாள் இரவு, "ஏலே, கிணத்துப் பக்கம் ஒருத்தன் நிக்காம்ல, போவாத" என்று ஒரு சத்தம். "அண்ணாச்சி, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டேன். களக்காடாம். அதன்பிறகு சுடுவதை விட்டுவிட்டு மழை பெய்ததா, வாழை எப்படி இருக்கிறது என்று பேச்சு போயிற்று, பின்னாலிருந்து வந்தவன் எங்கள் நாலு பேரையும் சாய்த்துவிட்டான். கிளாஷ் ஸ்க்வாடில் இப்படிப் பேச நேரம் ஏது? அங்கே மைக்கில் வருவதெல்லாம் 'ரஷ், ரஷ்' என்ற கத்தலும், தோற்றால் கெட்ட வார்த்தையும்தான். அதனாலேயே எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் இரண்டிலும் மைக்கைத் திறப்பதே இல்லை, தெரிந்தவர்களோடு மட்டும்தான் ஆடுகிறார்கள். கேட்பது பெண்குரல் என்றதும் வாயைத் திறக்கிற தம்பிகளை அந்த இடத்திலேயே ரிப்போர்ட் செய்ய வேண்டும், மற்ற மூன்று பேரும் சும்மா இருக்கக் கூடாது.

எஞ்சினியரிங் ஹாஸ்டல்களில் லேப்டாப் உள்ளவர்கள் வேலரண்ட் ஆடுகிறார்கள். 2020இல் வந்தது, ஐந்துக்கு ஐந்து, முதலில் பதின்மூன்று ரவுண்டு எடுக்க வேண்டும். சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும், நல்ல கேம். ஆனால் போன் மட்டுமே உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

ஆக, பிரேக்கில் பத்து நிமிடம், டியூஷனுக்கு முன்னால் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாக நேரம் கிடைக்கிற மாணவனுக்கு ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்தான் பொருந்தும், டைமண்ட் மட்டும் வேண்டாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கும், போனைப் பங்கு போடுகிற வீட்டுக்கும் டபிள்யூ.சி.சி. ராத்திரி சாப்பாடு முடிந்து, வீடு அடங்கி, ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு என்று கிடைத்தால் பி.ஜி.எம்.ஐ.யை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்ற வரம்போடுதான் அது 2023இல் திரும்பி வந்தது. எனக்குக் கேட்டால் அதில் பாதியே தாராளம்.

ஃப்ரீ ஃபயர் கூட்டத்திலிருந்து ஒரு நண்பனை இந்தப் பக்கம் இழுக்க வேண்டுமானால் எடுத்த எடுப்பில் எராங்கலில் தள்ளிவிடாதீர்கள், புல்லில் படுத்துக் கிடந்தே வெறுத்துவிடுவான். லிவிக் மேப்பில் தொடங்குங்கள். இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர், ஐம்பத்திரண்டு பேர், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அவனுக்குப் பழகிய வேகமும் இருக்கும், தோட்டா இறங்கும் கணக்கும் கையில் ஏறும். ப்ளூடூத் ஹெட்செட்டில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், அதனால் முதல் வாரம் ஒயர் ஹெட்செட்டையே மாட்டச் சொல்லுங்கள். காலடிச் சத்தம் காதில் பிடிபட்டதும் எராங்கலுக்குக் கூட்டிப் போகலாம்.