விலங்குப் படங்களுடன் கூடிய மாணவர் நாட்குறிப்பேடு: ஓர் ஆண்டு பயன்படுத்திய அனுபவம்

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக இந்த நாட்குறிப்பேட்டை வாங்கி ஓர் ஆண்டு ஆகிறது. இடப்பக்கத்தில் பாடவேளைகளும் வீட்டுப்பாடமும் எழுதக் கட்டங்கள் உள்ளன. வலப்பக்கத்தில் ஒரு விலங்கின் கோட்டோவியம், அதைப் பற்றிய ஒரு செய்தி, அன்று தான் பார்த்த உயிரினத்தைக் குறித்துவைக்க நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகளே இதன் உயிர். வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்ளாமல் வந்து இரவில் தோழிகளைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தவள், பள்ளி மதிலில் அணில் வாயில் நார் கவ்விக்கொண்டு ஓடியதை எழுதுவதற்காகவே ஏட்டைத் திறக்கத் தொடங்கி, அப்படியே இடப்பக்கத்தையும் நிரப்பப் பழகிவிட்டாள். ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் நம்மைப் போலவே 7 எலும்புகள்தாம் என்பதைப் படித்த நாளில், தன் பிடரியைத் தடவி எண்ணிப் பார்த்தாள். ஆக்டோபஸுக்கு 3 இதயங்கள் என்ற பக்கத்தின் ஓரத்தில் அவளே மூன்று இதயங்களை வரைந்திருக்கிறாள்.

வௌவாலைப் பறவைகளின் வரிசையில் சேர்த்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு அது. மாணவர்களுக்கான ஏட்டில் இப்பிழை நேர்ந்திருக்கவே கூடாது. மகளே அதை அடித்துத் திருத்தினாள். தாளும் மெல்லியது, மைப்பேனாவின் எழுத்து மறுபக்கத்தில் ஊறித் தெரிகிறது. பந்துமுனைப் பேனாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கம்பிச்சுருள் கட்டு மட்டும் இன்றுவரை உறுதியாக இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கும் இதையே வாங்கவிருக்கிறேன்.