அமெரிக்க ராணுவ ரெக்கார்டும் மெடலும் திருத்துற சேவை: ஓசில நடக்குற வேலைக்கு எதுக்கு ஏஜென்சி?

ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடுறேன், வேணுங்கறவங்க மேல படிங்க. செயின்ட் லூயிஸ்ல இருக்கிற நேஷனல் பெர்சனெல் ரெக்கார்ட்ஸ் சென்டருக்கு (பழைய ராணுவ ஆளுங்களோட ஃபைல் வெச்சிருக்கிற அரசு ஆபீஸ்) அஞ்சுக்கு நாலரை. ஆர்மியோட ரெக்கார்டு திருத்துற போர்டுக்கு மூணரை, எங்க மனு இன்னும் அங்க தான் இருக்கு, முடிவு வராம ஃபுல் மார்க் போட முடியாதுல்ல. குடும்பத்துல ஒருத்தர் காசு கட்டி பிடிச்ச ஒரு மெடல் ரிசர்ச் கம்பெனிக்கு ஒண்ணு, அதுவும் ஜீரோ போட வழி இல்லாததால.

வெவரம் இது தான். என் வீட்டுக்காரர் அமெரிக்கர். அவங்கம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப் போர்ல ஆர்மி இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, 1944 கடைசில ஐரோப்பா போயி 1945ல டிஸ்சார்ஜ் ஆனவர், இப்போ இல்ல. தோள்ல பெரிய தழும்பு, ஷெல் சிதறல் பட்டதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், ஆனா டிஸ்சார்ஜ் பேப்பர்ல காயம்ங்கற கட்டத்துல "இல்லை"ன்னு டைப் அடிச்சிருக்கு. மாமியாருக்கு அது ரொம்ப வருஷமாவே உறுத்தல். நான் ஆபீஸ் பேப்பர்னா அசராம உக்காந்து படிக்கிற ஆளு, அதனால வேலை என் தலைல வந்துச்சு.

இத தமிழ்ல எதுக்கு எழுதுறேன்னு கேக்கலாம். இங்க நம்ம ஆளுங்க கல்யாணம் பண்ணி போயிருக்கிற வீடுகள்ல, பக்கத்து வீடுகள்ல இப்படி பெருசுங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்க புள்ளைங்களுக்கே இது தெரியறதில்ல. அப்புறம் குடியுரிமை இல்லாதவங்கள மொழித் திறமைக்காக படையில சேத்துக்க 2008ல அறிவிச்ச மாவ்னி திட்டத்துல ஆர்மிக்கு வேணுங்கற மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, அதுல சேந்த நம்ம பசங்களுக்கும் நாளைக்கு இதே பேப்பர் தலைவலி வரலாம்.

மொதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது தீ விபத்து. 1973 ஜூலை 12ந்தேதி செயின்ட் லூயிஸ் பில்டிங்ல ஆறாவது மாடி பத்திக்கிச்சு, தண்ணி தானா தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் எதுவும் ரெக்கார்டு வெச்சிருந்த எடத்துல கெடையாது, 1 கோடியே 60 லட்சத்துலேர்ந்து 1 கோடியே 80 லட்சம் ஃபைல் வரைக்கும் போச்சு. 1912 நவம்பர்லேர்ந்து 1960 ஜனவரி 1 வரைக்கும் ஆர்மிலேர்ந்து வெளிய வந்தவங்க ஃபைல்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் காலி. வேற காப்பியும் இல்ல, மைக்ரோஃபிலிமும் எடுக்கல. விமானப்படையிலயும் ஒரு பெரிய பகுதி போச்சு. அதனால உங்க ஆளு அந்த காலத்து ஆர்மின்னா "ஃபைல் எரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு"ன்னு தான் பதில் வரும், அத பாத்துட்டு பாதி குடும்பம் அங்கயே விட்டுடுது. விடாதீங்க. ஃபைல் எரிஞ்சா ஆளு சர்வீஸ் பண்ணதே எரிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல.

ஏன்னா வேற இடத்துல வேற பேப்பர் கெடக்கு. கடைசி சம்பள வவுச்சர் இருந்தா எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைன்னு தெரிஞ்சுடும். ராணுவத்துல ஒவ்வொரு கம்பெனியும் (படைல ஒரு சின்னப் பிரிவு, வியாபார கம்பெனி இல்ல) தெனம் எழுதுன மார்னிங் ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல எல்லார் பேரும் வராது, அன்னிக்கு யாருக்கு மாத்தம், யாரு ஆஸ்பத்திரிக்கு போனா, யாரு திரும்பி வந்தான்னு மட்டும் இருக்கும், காயம் பட்டவங்க பேர் பக்கத்துல எல்டபிள்யூஏ இல்ல எஸ்டபிள்யூஏன்னு போட்டிருப்பாங்க, மொதல்லது லேசான போர்க் காயம், ரெண்டாவது பலமான காயம். போர் முடிஞ்சு வந்தவங்கள்ல நெறைய பேர் டிஸ்சார்ஜ் பேப்பர உள்ளூர் கவுன்ட்டி கோர்ட் ஆபீஸ்ல பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, எங்களுக்கு தெளிவான காப்பி கெடச்சது அங்க தான். முன்னாள் வீரர் எப்பவாவது பென்ஷனோ வைத்திய உதவியோ கேட்டிருந்தா விஏ (முன்னாள் வீரர்கள் நலத்துறை) ஃபைல்லயும் காப்பி இருக்கும்.

இப்போ சென்டரோட சேவை. எஸ்எஃப் 180னு ஒரு ஃபாரம், அத நிரப்பி கையெழுத்து போட்டு அனுப்பணும், கையெழுத்து விட்டா திரும்பி வந்துடும். சர்வீஸ் விட்டு 62 வருஷம் ஆயிட்டா அந்த ரெக்கார்டு பொதுமக்களுக்கு ஓபன், யாரு வேணா காசு கட்டி காப்பி வாங்கலாம், அஞ்சு பக்கத்துக்குள்ளன்னா 25 டாலர், அதுக்கு மேலன்னா 70. ஆனா மெடல் கதை வேற. மெடல் கேக்க ஆர்மி ஒரு வரிசை வெச்சிருக்கு: உயிரோட இருக்கிற துணை, அப்புறம் மூத்த புள்ளை, அப்புறம் அப்பா அம்மா, மூத்த கூடப்பொறந்தவங்க, கடைசில மூத்த பேரப்புள்ளை. எங்க கேஸ்ல மாமியார் தான் மூத்த பொண்ணு, அவங்க தான் கையெழுத்து போடணும். இறந்ததுக்கு அத்தாட்சியா டெத் சர்டிபிகேட் தான் வேணும்னு இல்ல, பேப்பர்ல வந்த இரங்கல் செய்தியே போதும்.

சென்டர்ல எனக்கு பிடிச்சது, எழுதுற பதில் மனுஷன் எழுதுன மாதிரி இருக்கு. இது கெடைக்கல, இதுக்கு பதிலா இது இருக்கு, ரெஜிமென்ட்டும் கம்பெனியும் தெரிஞ்சா எழுதுங்க, இன்னும் தேடலாம்னு கேட்டு ஒரு கேள்வித்தாள் அனுப்பறாங்க. எரிஞ்ச ஃபைல்கள்ல தப்பிச்ச கருகின தாள்களக்கூட பதப்படுத்தி படிக்கிற ஆளுங்க அங்க இருக்காங்க, அதுக்கு ஒரு தனி சல்யூட். கொறை சொல்லணும்னா, நிறைய பேர் கேக்குறதால நேரம் எடுக்கும், அவசரம்னு போனா ஏமாந்துடுவீங்க.

அடுத்தது தான் முக்கியமான விஷயம். ரெண்டாம் உலகப்போர் ஆர்மி டிஸ்சார்ஜ் பேப்பர், டபிள்யூடி ஏஜிஓ 53-55, இப்போ குடுக்குற டிஸ்சார்ஜ் பேப்பரான டிடி 214க்கு முந்தினது. அதுல 33வது கட்டம் மெடல், 34வது கட்டம் காயம். குடும்பத்துல எல்லாரும் இந்த ரெண்டயும் பாத்துட்டு மடிச்சு வெச்சுடுவாங்க. நீங்க 31வது கட்டத்த பாருங்க. அங்க துப்பாக்கி சுடுற தகுதிக்கு பக்கத்துல காம்பட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ்னு (நேரடி சண்டைல இருந்த காலாட்படை ஆளுக்கு குடுக்குறது) இருந்துச்சுன்னா, 1941 டிசம்பர் 7லேர்ந்து 1945 செப்டம்பர் 2க்குள்ள வாங்குனதா இருந்தா, அந்த ஆளுக்கு ப்ரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்) மெடல் உண்டு. 1947ல முடிவு பண்ணாங்க, அதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்கு போயி மில்லுலயும் வயல்லயும் வேலைக்கு சேந்துட்டாங்க, தானா வீடு தேடி வராது, கேட்டு தான் வாங்கணும். படைல மெடிக்கா (காயத்துக்கு வைத்தியம் பாக்குற ஆளா) இருந்து காம்பட் மெடிக்கல் பேட்ஜ் வாங்குனவங்களுக்கும் இதே கணக்கு. தாத்தாவோட பேப்பர்ல அந்த பேட்ஜ் 31ல ஓரமா உக்காந்துட்டு இருந்துச்சு, இத்தனை வருஷம் யாரும் பாக்கல.

32வது கட்டத்துல அவர் கலந்துகிட்ட போர்கள் இருக்கும். அதுல ரைன்லேண்ட், சென்ட்ரல் யூரோப்னு ரெண்டு தான் இருந்துச்சு, ஆனா அவர் யூனிட் 1944 டிசம்பர் 16லேர்ந்து 1945 ஜனவரி 25 வரைக்கும் நடந்த ஆர்டென்ஸ்-அல்சாஸ் கணக்குலயும் வருது. எந்த யூனிட்டுக்கு எந்த போர்னு ஆர்மி 672-1னு ஒரு தடி புத்தகம் போட்டிருக்கு, அதுல தேடுனா கெடைக்கும், அந்த பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வெச்சு அனுப்புங்க.

இந்த ரெண்டும் கிளார்க் வேலை. ரூல் புத்தகத்துல எழுதி இருக்கு, பேப்பர்ல ஆதாரம் இருக்கு, பாத்து டிக் பண்றது தான். இதுக்கு போர்டும் வேணாம், வக்கீலும் வேணாம், ஏஜென்சி சத்தியமா வேணாம். ப்ரான்ஸ் ஸ்டார் மெடலும் விட்டுப்போன ஆர்டென்ஸ்-அல்சாஸ் போருக்கான சின்ன ஸ்டாரும் சென்டர் வழியாவே வந்துச்சு, மெடலுக்கு ஒத்த பைசா கேக்கல. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, பழைய பேப்பர அழிச்சு புதுசா எழுதி தரமாட்டாங்க, டிடி 215னு ஒரு திருத்தத் தாள் வரும், ரெண்டயும் சேத்து தான் வெச்சுக்கணும். பத்தரத்துக்கு திருத்தல் பத்தரம் போடுற மாதிரி.

இப்போ அந்த கம்பெனிக்கு வரேன், பேரு போடல. வீட்டுக்காரரோட தம்பி பேட்ஜ், மெடல், ஃபிரேம் எல்லாம் "முழு பேக்கேஜ்"னு கேட்டு நல்ல தொகை கட்டுனார். அவங்க பண்ணது என்னன்னா அதே இலவச எஸ்எஃப் 180 ஃபாரத்த நிரப்பி, மூத்த பொண்ணு உயிரோட இருக்கும்போது சின்னப் பேரன் கையெழுத்துல மெடல் கேட்டு அனுப்புனது தான். திரும்பி வந்துச்சு. கேட்டா "கவர்ன்மென்ட் லேட்டு"ன்னு ஒரு ஈமெயில். பதிலுக்கு ஒரு அழகான ஃபிரேம் அனுப்புனாங்க, அதுல கடைல வாங்குன மெடல் மாட்டி இருந்துச்சு, ஆர்மி குடுத்தது இல்ல, ரெக்கார்டுல ஒரு எழுத்து மாறல. ஃபிரேம் மட்டும் தான் வேணும்னா அது நல்ல ஃபிரேம் தான், மரம் தரமா இருக்கு.

கஷ்டமானது பர்ப்பிள் ஹார்ட், எதிரியால காயம் பட்டவங்களுக்கு குடுக்குற மெடல். இங்க தான் கிளார்க் வேலை முடிஞ்சு வாதாட வேண்டியது ஆரம்பிக்குது. தழும்பு இருக்கு, தாத்தா சொன்னாருங்கறதுலாம் போதாது, எதிரியால பட்ட காயம், டாக்டர் பாத்தார், அது ரெக்கார்டுல இருக்குன்னு மூணும் வேணும். ஈரத்துலயும் குளிர்லயும் ரொம்ப நேரம் நின்னு கால் கெட்டுப்போற ட்ரெஞ்ச் ஃபுட்டுக்கு இப்போ உள்ள ரூல்படி கெடையாது, நெறைய குடும்பம் அதுல தான் ஏமாறுது. எங்களுக்கு ஒதவினது, 1942லேர்ந்து 1945 வரைக்கும் (அப்புறம் கொரியா சமயம் 1950லேர்ந்து 54 வரைக்கும்) ஆஸ்பத்திரில சேந்தவங்க விவரத்த ராணுவ சர்ஜன் ஜெனரல் ஆபீஸ் கம்ப்யூட்டர் டேப்ல வெச்சிருந்தாங்க, 1988ல அது சென்டருக்கு வந்து சேந்துச்சு. சர்வீஸ் நம்பர வெச்சு தேடுறாங்க. அதோட மார்னிங் ரிப்போர்ட்டுல இருந்த ஒரு வரியும் சேத்து மொதல்ல ஃபோர்ட் நாக்ஸ்ல இருக்கிற ஆர்மியோட அவார்ட்ஸ் (மெடல்) பிரிவுக்கு எழுதி, அங்க பதில் வந்தப்புறம் தான் ரெக்கார்டு திருத்தம் கேக்குற டிடி 149 ஃபாரம் போட்டு போர்டுக்கு போனோம். நேரா போர்டுக்கு போனா "கீழ கேட்டுட்டு வா"ன்னு அனுப்பிடுவாங்க, ரூலே அப்படி தான்.

போர்டுங்கறது கோர்ட் இல்ல, சிவில் ஆளுங்க மூணு பேர் ஃபைல படிச்சு முடிவு பண்றாங்க, நம்மள கூப்பிடறது அபூர்வம். போர்டு தானா போயி ஆதாரம் தேடாது, நிரூபிக்கிற வேலை நம்மளோடது, இத நல்லா மண்டைல ஏத்திக்கங்க. தப்ப கண்டுபிடிச்ச 3 வருஷத்துக்குள்ள போடணும்னு இருக்கு, ஆனா நியாயம்னு பட்டா அத தள்ளுபடி பண்ணலாம், பழைய கேஸ்கள்ல அது நடக்குது, அதனால "டைம் போயிடுச்சே"ன்னு பயப்படாதீங்க. சட்டப்படி எந்த கேஸையும் 18 மாசத்துக்குள்ள முடிக்கணும்.

இதுல ஒரு புதையல் இருக்கு, பழைய முடிவுகள பேர் எடுத்துட்டு ஆன்லைன் ரீடிங் ரூம்ல போட்டிருக்காங்க. நம்ம கேஸ் மாதிரியே பர்ப்பிள் ஹார்ட் கேஸ தேடி, எது ஜெயிச்சுது, எது தோத்துச்சு, எந்த பேப்பர் பத்தலன்னு எழுதி இருக்காங்கன்னு பாத்து தான் மனு எழுதுனேன். ராத்திரி உக்காந்து படிச்சா தூக்கமே வராது, ஒவ்வொண்ணும் ஒரு நாவல்.

நேவின்னா, மரீன்னா ஒரே போர்டு, விமானப்படைக்கு வேற, கோஸ்ட் கார்டுக்கு வேற, ஃபாரம் மட்டும் அதே 149. வீரத்துக்கு குடுக்குற சில்வர் ஸ்டார் மாதிரி ஒண்ண அந்த காலத்துலயே யாரும் பரிந்துரை பண்ணலன்னா கதை வேற, உங்க காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸ் வழியா புதுசா பரிந்துரை போகணும், நேர்ல பாத்த சாட்சி வேணும், அது மலை ஏறுற வேலை.

எந்த ஆபீஸுக்கு அனுப்பினாலும் ஒரிஜினல அனுப்பாதீங்க, காப்பி போதும், பக்கத்துல தேதி போட்டு நீங்களும் ஒரு செட் வெச்சுக்கங்க.