சீமேக்கா, மெசானா? புது வசதிகளை வைத்து ஓர் அலசல்

சி++இல் எழுதிய நடுத்தர அளவு லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். சோர்ஸ் கோப்புகளைக் கம்பைல் செய்து கட்டும் வேலையை, அதாவது பில்டை, நடத்தும் கருவிகள்தான் சீமேக்கும் மெசானும். என் லைப்ரரியின் பில்டை சீமேக்கிலிருந்து மெசானுக்கு மாற்றியாகிவிட்டது. அதனால் கீழே வருவது நடுவர் தீர்ப்பு மாதிரி இருக்காது, மெசான் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். படிப்பவர்கள் அந்தச் சாய்வைக் கழித்துக்கொள்ளலாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் திறமூலம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இரண்டும் ஓடும். சீமேக் 2000ஆம் ஆண்டு வாக்கில் கிட்வேர் நிறுவனத்தில் பிறந்தது. மெசானை பின்லாந்தைச் சேர்ந்த யுஸ்ஸி பக்கானன் 2013இல் வெளியிட்டார். கியூட்டி 6, எல்எல்விஎம், கேடிஇ எல்லாம் சீமேக் பக்கம். சிஸ்டம்டி, மெசா, ஜிஸ்ட்ரீமர், க்னோம் எல்லாம் மெசான் பக்கம். ஆக, எதை எடுத்தாலும் பெரிய துணை உண்டு. வேகத்தை வைத்து முடிவெடுக்க நினைத்தால் வீண் வேலை. மெசான் லினக்ஸில் வேலையை, கம்பைலரை ஓட்டும் சின்னக் கருவியான நிஞ்சாவிடம்தான் கொடுக்கிறது, சீமேக்கையும் நிஞ்சாவோடு ஓட்டலாம். அதற்குப் பிறகு காத்திருப்பதெல்லாம் கம்பைலருக்காகத்தான்.

பேஸல் என்ற இன்னொரு பில்டு கருவியை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பார்கள். ஒரே களஞ்சியத்தில் நாலைந்து மொழிகளும் ஏழெட்டுக் குழுக்களும் இருக்கிற இடத்துக்கு அது சரி. 2023 கடைசியில் வந்த பேஸல் 7இல் டிபெண்டென்சி (நம் கோடு சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகள்) கையாளும் முறையையே மாற்றினார்கள், 8இல் பழைய முறையை முன்னிருப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கத் தனி ஆள் வேண்டும். எனக்கு இல்லை.

சீமேக்கில் சமீப ஆண்டுகளில் வந்ததில் எனக்கு உண்மையாகவே பிடித்தது ப்ரீசெட். 3.19இல், 2020 கடைசியில், வந்தது. எந்த ஜெனரேட்டர் (நிஞ்சா மாதிரி, கட்டும் வேலையைச் செய்யும் கருவி), எந்த ஃபோல்டர், எந்தெந்த ஆப்ஷன் என்பதையெல்லாம் ஒரு ஜேசான் கோப்பில் எழுதிவைத்துவிட்டால், குழுவில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லி பில்டு செய்யலாம். 3.25இல் வொர்க்ஃப்ளோ ப்ரீசெட்டும் சேர்ந்தது. கான்ஃபிகர், பில்டு, டெஸ்ட் மூன்றும் ஒரே கமாண்டில் முடிந்துவிடும். மெசானில் இதற்கு நேர் இணை கிடையாது. நேட்டிவ் ஃபைல் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆப்ஷன்களையும் எழுதிவைக்கலாம், ஆனால் ப்ரீசெட் அளவுக்கு எடிட்டர்கள் அதைப் புரிந்துகொள்வதில்லை. இந்தப் புள்ளி சீமேக்குக்கு.

சி++ மாட்யூல் (ஹெடர் கோப்புக்குப் பதிலாக வந்த புது முறை) விஷயத்திலும் சீமேக்குக்குத்தான், அங்கே பேச்சே இல்லை. 2023 டிசம்பரில் வந்த 3.28இல் மாட்யூல் ஆதரவு சோதனை நிலையைத் தாண்டி முறைப்படி வந்துவிட்டது. நிஞ்சா 1.11, ஜிசிசி 14 அல்லது கிளாங் 16, விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.4 என்று அடித்தளம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மெசான் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது. என் லைப்ரரி இன்னும் ஹெடர் கோப்பிலேயே குடித்தனம் நடத்துவதால் எனக்கு இது உறைக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர், மாட்யூல் வேண்டும் என்கிறவர், இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு சீமேக்கை எடுத்துக்கொள்ளலாம்.

டிபெண்டென்சி இழுத்து வருவதில் இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. கணினியில் இருக்கிற லைப்ரரியை முதலில் தேடு, இல்லாவிட்டால் சோர்ஸை இறக்கி பில்டு செய் என்பதைச் சீமேக் 3.24இல்தான் சோர்ஸை இறக்கும் ஃபெட்ச்கன்டென்ட் வசதிக்குள் ஒழுங்காகக் கோத்தார்கள். சோர்ஸை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மெசானின் ராப் கோப்பு அதை முன்பிருந்தே செய்துவருகிறது. அப்புறம் மெசானில் டெவ்என்வ் என்று ஒரு சின்ன கமாண்ட். 0.58இல் வந்தது. அதை அடித்தால் புது ஷெல் திறக்கும். பாத், லைப்ரரி தேடும் இடம், பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி) தேடும் இடம் எல்லாம் உங்கள் பில்டு ஃபோல்டரைக் காட்டியபடி இருக்கும். இன்ஸ்டால் செய்யாமலே புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். இதற்காக நான் எழுதிவைத்திருந்த ஷெல் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 1.5இல் ஃபார்மேட் கமாண்டும் வந்துவிட்டது. சீமேக்கில் அதற்கு வெளியார் கருவிகளைத்தான் தேட வேண்டும்.

சரி, இதெல்லாம் வசதிப் பட்டியல். நான் மாறியதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை.

பில்டு சிஸ்டத்தில் புது வசதி வருவது ஒரு பக்கம். அதை நான் எப்போது தொடலாம் என்பது இன்னொரு பக்கம். என் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் என்னைப்போல் புத்தம்புது வெர்ஷன் வைத்திருப்பதில்லை. உபுண்டு 22.04இல் சீமேக் 3.22, மெசான் 0.61. டெபியன் 12இல் சீமேக் 3.25, மெசான் 1.0. உபுண்டு 24.04இல் சீமேக் 3.28, மெசான் 1.3. பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வழியாக இரண்டையுமே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புக்கு) பேக்கேஜ் செய்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார். இணையம் துண்டிக்கப்பட்ட பில்டு மெஷினில், அந்த டிஸ்ட்ரோவில் இருக்கிற வெர்ஷனை வைத்துத்தான் அவர் கட்ட வேண்டும்.

சீமேக் கோப்பின் முதல் வரியில் குறைந்தபட்ச வெர்ஷனை எழுதுகிறோம். 3.15 என்று எழுதிவிட்டு, அடியில் 3.24இல் வந்த வசதியைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? என் லேப்டாப்பில் ஒன்றும் ஆகாது, ஜம்மென்று ஓடும். அந்த வரி ‘இதைவிடப் பழைய சீமேக் வேண்டாம்’ என்று தடுக்கும், எந்தக் காலத்துப் பழக்கவழக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்று பாலிசிகளை அமைக்கும். அவ்வளவே. 3.15...3.31 என்று வரம்பாக எழுதுகிறார்களே, அதன் மேல் எண்ணும் பாலிசிக்கு மட்டும்தான். நீங்கள் எழுதியது அந்த வெர்ஷனில் உண்டா இல்லையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை.

பழைய சீமேக்கில் எரர் வந்தாலாவது பரவாயில்லை. வார்னிங்குகளை எரராக மாற்றும் வேரியபிள் ஒன்று 3.24இல் வந்தது. எந்த லிங்க்கர் வேண்டும் என்று சொல்லும் வேரியபிள் 3.29இல் வந்தது. சீமேக்கைப் பொறுத்தவரை இவை வெறும் வேரியபிள்கள். 3.22 வைத்திருப்பவரிடம் அந்த வரி போனால், ஏதோ ஒரு பெயருக்கு ஏதோ ஒரு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பில்டு வெற்றி என்றே வரும். நீங்கள் கேட்டது மட்டும் நடந்திருக்காது. ஆவணத்தில் ஒவ்வொரு வசதிக்குப் பக்கத்திலும் எந்த வெர்ஷனில் வந்தது என்று போட்டிருக்கிறார்கள். எழுதும்போது ஒவ்வொன்றையும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சீமேக்கை ஒரு கன்டெய்னரில் போட்டு ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். அதிலும் எரர் வருகிற வகை மட்டும்தான் சிக்கும், அமைதியாக நழுவுகிற இந்த வகை சிக்காது.

மெசானில் புராஜெக்ட் என்ற முதல் வரியிலேயே குறைந்தபட்ச மெசான் வெர்ஷனை எழுதலாம். அதற்குப் பிந்தி வந்த ஃபங்க்‌ஷனையோ ஆர்க்யுமென்ட்டையோ தொட்டால், கான்ஃபிகர் செய்யும்போதே வார்னிங் வரும்: நீ சொன்ன வெர்ஷன் இது, பயன்படுத்தியிருக்கும் வசதி வந்த வெர்ஷன் இது என்று எண்ணோடு. ஓட்டத்தின் முடிவில் எல்லாவற்றையும் வெர்ஷன் வாரியாகத் தொகுத்தும் காட்டும். மெசானின் சோர்ஸுக்குள் வசதிகளின் மேல் அவை வந்த வெர்ஷனை ஒட்டிவைத்திருக்கிறார்கள், அந்த வேலையின் பலன் இது. காலாவதியாகப் போகிற வசதிகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. வெர்ஷனைச் சோதிக்கும் இஃப் கட்டத்துக்குள் புது வசதியை வைத்தால், நீ யோசித்துத்தான் செய்திருக்கிறாய் என்று வார்னிங்கை நிறுத்திக்கொள்ளும். தெரியாத ஆர்க்யுமென்ட்டைக் கொடுத்தால் நேராக எரர்.

இதன்மேல், மெசானின் வார்னிங்குகளையெல்லாம் எரராக்கும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐயில் அதைப் போட்டுவைத்திருக்கிறேன். புது வசதி ஆசையில் யாராவது பேட்ச் அனுப்பினால், எங்கள் குறைந்தபட்ச வெர்ஷனுக்கு அது ஒத்துவராது என்பதை இயந்திரமே சொல்லிவிடுகிறது. நான் போய் ஆவணத்தைப் புரட்டி, பதில் எழுதி, மனஸ்தாபம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கோடு எழுதுவதைவிட இந்த மாதிரிச் சில்லறை வேலையில்தான் பராமரிப்பவரின் மாலை நேரங்கள் போகின்றன. இந்த ஒரு வசதி மற்ற எல்லாக் குறைகளுக்கும் ஈடு என்பது என் கட்சி. அந்தச் சோதனை எல்லா வசதியையும் பிடித்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெரும்பாலானவற்றைப் பிடிக்கிறது.

சீமேக் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய கோப்பைப் புது சீமேக்கில் ஓடவைப்பதில் அந்தப் பாலிசி ஏற்பாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. அதற்கும் எல்லை வந்துவிட்டது. 2025 மார்ச்சில் வந்த 4.0, குறைந்தபட்சம் 3.5க்குக் கீழ் எழுதியிருக்கும் கோப்புகளை ஏற்காது. கைவிடப்பட்ட சின்னச் சின்ன லைப்ரரிகள் பல இதில் அடிபட்டன. அவற்றுக்கு கமாண்ட் வரியிலேயே பாலிசி வெர்ஷனை 3.5 என்று கொடுத்துச் சமாளிக்க வழிவைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுச் சுமையைக் கொஞ்சம் இறக்கியது தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெசானில் சலிப்பூட்டுவதும் உண்டு. சொந்தமாக ஃபங்க்‌ஷன் எழுத முடியாது, அந்த வசதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரே மாதிரி பத்து டெஸ்ட் இருந்தால் ஃபோர்ஈச் போட்டு ஒப்பேற்ற வேண்டும். சோர்ஸ் கோப்புகளை நட்சத்திரக் குறி போட்டு அள்ளவும் விடாது, ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பைதான் இல்லாத இடத்தில் மெசான் ஓடாது. சி மொழியில் எழுதிய முவான் என்ற மாற்று இருக்கிறது, நான் ஓட்டிப் பார்த்ததோடு சரி.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. உங்கள் லைப்ரரியை எடுத்துக்கொள்பவர்கள் சீமேக்காரர்களாக இருந்தால், ஃபைண்ட் பேக்கேஜ் என்று எழுதினால் டார்கெட்டோடு (லிங்க் செய்யத் தயாரான பெயரோடு) கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சீமேக் அந்த டார்கெட் கோப்புகளைத் தானே உருவாக்கித் தரும். மெசான் பிகேஜி-கான்ஃபிக் கோப்பை அழகாகத் தரும், சீமேக்குக்கான டார்கெட் கோப்பை நீங்கள்தான் கையால் எழுத வேண்டும். என் பயனர்கள் பெரும்பாலும் லினக்ஸில் பிகேஜி-கான்ஃபிக் வழியாக எடுப்பவர்கள் என்பதால் நான் தப்பித்தேன்.

விண்டோஸ் பற்றி என் அனுபவம் மெலிது. சிஐயில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி, விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்து நாள் முழுக்க வேலை செய்ததில்லை. அப்படிச் செய்கிறவர்களுக்கு சீமேக் கோப்பை நேரடியாகத் திறக்கிற வசதி பெரிதாகத் தெரியலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் 16இல் மெசான் ஆதரவைச் சேர்த்து, 17இல் விண்டோஸுக்கென வைத்திருந்த சொந்த பில்டு ஸ்கிரிப்டுகளை நீக்கியதைப் பார்த்தால், மெசான் அங்கே தள்ளாடுகிறது என்று சொல்லவும் முடியாது. பைதான் 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பில்டு வசதி போனதை ஒட்டி, நம்பை என்ற கணித லைப்ரரியும் 1.26இல் மெசானுக்கு வந்துவிட்டது.

மாறுவதாக இருந்தால் ஒன்று: முன்னிருப்பைக் கவனியுங்கள். பில்டு வகை எதுவும் சொல்லாவிட்டால் சீமேக் நிஞ்சாவிலும் மேக்ஃபைலிலும் அதை வெற்றாக விடும், ஆப்டிமைசேஷனும் இருக்காது, டீபக் தகவலும் இருக்காது. மெசான் டீபக் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டின் வேகத்தையும் அப்படியே ஒப்பிட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள். சீமேக் மட்டுமே வைத்திருக்கும் டிபெண்டென்சி இருந்தால், மெசானின் சீமேக் மாட்யூல் அதைச் சப்புராஜெக்ட்டாக இழுத்துக்கொள்ளும். எளிமையான புராஜெக்ட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது, வித்தை காட்டும் சீமேக் கோப்புகளில் திணறுகிறது.

நான் குறைந்தபட்சமாக 1.0 என்று எழுதியிருக்கிறேன், டெபியன் 12ஐ மனதில் வைத்து. உபுண்டு 22.04காரர்கள் பிப் வழியே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆப்ஷன்கள் இருக்கும் கோப்புக்கு 1.1இல் அழகான புதுப் பெயர் கொடுத்தார்கள். மாற்றினால் மெசான் உடனே எச்சரிக்கும், சிஐ சிவப்பாகும். அதனால் என்னிடம் அந்தக் கோப்பு இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறது. குறைந்தபட்ச எண்ணை ஏற்றும் நாளில் அதையும் மாற்றிக்கொள்வேன்.