கட்டுநாயக்காவில் இறங்கி மலையில் டெண்ட் போட: கொண்டுவருவதா, இங்கே எடுப்பதா?

ஜூலை நெருங்கினால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, டெண்டை இங்கேயிருந்து தூக்கிக்கிட்டு வரவா, அங்கேயே எடுக்கலாமா?" நான் இலங்கை மலையகத்தில், பண்டாரவளையில் இருப்பதால் என்னிடம்தான் கேட்பார்கள். மூன்று விதமாகவும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தம்பி குடும்பம் டொராண்டோவிலிருந்து சொந்த டெண்டோடு வந்தது, மச்சான் இங்கே வாடகைக்கு எடுத்தார், அப்பாயியையும் பிள்ளைகளையும் எல்லாம் தயாராகப் போட்டுவைத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனோம். என் முடிவு இதுதான்: டெண்டை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், ஸ்லீப்பிங் பேக்கையும் கீழே போடுகிற மெத்தையையும் மட்டும் கட்டாயம் கொண்டுவாருங்கள்.

முதலில் சொந்த டெண்ட். நாலு பேர் படுக்கிற டெண்ட் என்றால் சாதாரணமாக 4 முதல் 6 கிலோ வரும், கீழே விரிக்கிறது, முளை, சுத்தியல் எல்லாம் தனி. ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றால் கால்வாசி இதிலேயே போய்விடும், ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். முளையும் கத்தியும் கையில் எடுத்துப்போகிற பைக்குள் இருக்கக்கூடாது, பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான். கேஸ் டின் இரண்டிலும் கூடாது, காலியானது போலத் தெரிந்தாலும் கூடாது. பழைய அடுப்பில் எண்ணெய் வாசம் அடித்தாலே எடுத்துவிடுகிற விமான நிலையங்கள் உண்டு. தம்பி அடுப்பைக் கழுவித் துடைத்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், ஆனால் அதில் திருகிப் போடுகிற கேஸ் டின் பண்டாரவளையிலும் கிடைக்கவில்லை, வெலிமடையிலும் கிடைக்கவில்லை. மேசையில் வைத்துச் சமைக்கிற அடுப்புக்கான நீளமான டின்தான் பட்டணத்துப் பெரிய கடைகளில் இருக்கும், அதனால் அடுப்பையும் இங்கேயே வாங்கிவிடுவது நல்லது. இன்னொன்று, அந்த டின்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன், 0 பாகையை நெருங்கினால் அது ஆவியாகாது. அதிகாலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் நெருப்பு முனகிக்கொண்டே இருக்கும். இரவில் டின்னைக் கம்பளிக்குள் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த டெண்டுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இருட்டில், மழையில், கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியும். ஒரு வாரத்துக்கு மேல் மலையிலேயே சுற்றுகிறவர்கள், தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகிற பெக்கோ ட்ரெயில் என்ற நெடும் நடைபாதையில் நாலைந்து கட்டங்கள் நடக்கிறவர்கள், 2 கிலோ எடையுள்ள இரண்டு பேர் டெண்ட் வைத்திருந்தால் கொண்டுவரட்டும். இரண்டு இரவுக்கு வேண்டாம்.

வாடகை டெண்டில் மச்சானுக்கு நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். கடையில் பையைக் கொடுத்தார்கள், அவர் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்புத்தளைப் பக்கம் போய், ஐந்தரை மணிக்கு மூடுபனி இறங்குகிற நேரத்தில் பிரித்தால் வாசல் ஜிப் பாதியில் நிற்கிறது, மேல்விரிப்பின் தையலில் ஒட்டியிருந்த நாடா உரிந்து தொங்குகிறது. ராத்திரி பெய்தது பெரிய மழைகூட இல்லை, தூறல்தான். விடியும்போது மூத்தவளின் தலைமாட்டில் ஒரு சிரட்டை தண்ணீர் தேங்கி நின்றது. அதிலிருந்து வாடகைக்கு எடுக்கும்போதெல்லாம் கடை முற்றத்திலேயே முழுசாகப் போட்டுப் பார்ப்பேன், ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றச் சொல்வேன், உள்ளே கையை வைத்துத் தையலோடு தடவிக்கொண்டே போவேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அந்த டெண்ட் வேண்டாம். கீழே விரிக்க ஒரு நல்ல படங்கு தனியாக வாங்குங்கள், டெண்டின் அடிப்பாகத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக மடித்துப் போடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி அடியில் விட்டுவிடும்.

ஆனால் வாடகைக் கடையின் ஸ்லீப்பிங் பேக்கை நம்பவே நம்பாதீர்கள். மெல்லியதாக இருக்கும், எத்தனை பேர் படுத்து எழும்பினதோ தெரியாது. குளிரைத் தடுப்பது டெண்ட் இல்லை, உடம்போடு ஒட்டியிருக்கிற துணியும் முதுகுக்குக் கீழே இருக்கிற மெத்தையும்தான். ஸ்லீப்பிங் பேக்கும் மெத்தையும் சேர்த்தே பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் வராது.

போட்டுவைத்த டெண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில், போர்வை, பக்கத்திலேயே கழிப்பறை, காலையில் ரொட்டியும் சம்பலும். காசு மட்டும் நல்ல அறைக்குச் சமமாகவோ கூடவோ போகும். வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் இதுதான் சரி, யோசிக்கவே வேண்டாம். அப்பாயி மூன்று கம்பளி கேட்டார், மூன்றும் கொடுத்தார்கள்.

அப்புறம் இடம். எல்லோருடைய வாயிலும் முதலில் வருவது ஹோட்டன் சமவெளிதான். 2,100 மீட்டருக்கு மேலே, 1988இல் தேசியப் பூங்காவானது, அங்கே 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பில் 800 மீட்டருக்கும் அதிகமான நேர்ச்சரிவு. அங்கே டெண்ட் போடுவதன் உண்மையான லாபம் விடியற்காலைதான்: ஒன்பது பத்து மணிக்கெல்லாம் பனி ஏறி உலக முடிவை மூடிவிடும், அதனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் இருட்டோடு எழும்பி மலையேறி வாசலில் வரிசையில் நிற்பார்கள், உள்ளே தூங்கியவர்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. கூடவே சாயங்காலம் புல்வெளியில் மரைக் கூட்டம் இறங்குவதைப் பார்க்கிற பேறு. அங்கே டெண்ட் போட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணம் நம்மைவிடப் பல மடங்கு, பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது, வாசலிலேயே பார்த்து எடுத்துவிடுவார்கள். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். சின்னப் பிள்ளைகளோடு நான் போக மாட்டேன்.

நான் கூட்டிப்போவது அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலை ஓரங்கள். உயரம் 1,200 முதல் 1,500 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகைக்கு மேல் குளிர் மாறும் என்பதால் இங்கே இரவு தாங்கக்கூடியது. யாரும் எங்கேயும் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். தோட்டத்துத் துரையிடம், அதாவது மேலாளரிடம், கேட்க வேண்டும், கேட்காமல் போட்டால் காவல்காரர் வந்து எழுப்புவார், அவர் செய்வது நியாயம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் என்றால் அங்கே இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அவர்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் ஊவாப் பக்கம், அதாவது எங்கள் பக்கம், வாருங்கள். அந்த நேரம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழை, இங்கே வெயில். கச்சான் காற்று மட்டும் பலமாக அடிக்கும், எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள், காய்ந்த புல்லில் நெருப்பு மூட்டாதீர்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் கடைசி வரை எங்கள் பக்கம் மழை, அப்போது யாருக்கும் டெண்டே வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சேர்த்து மண் மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த மாதமானாலும் செங்குத்தான மண்மேட்டுக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால், எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இறங்கிய அன்றே டெண்டில் படுக்கவும் வேண்டாம். கட்டுநாயக்காவிலிருந்து வேனில் ஆறு ஏழு மணித்தியாலம், வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுத்து, நேரமாற்றத்தில் நடுச்சாமம் முழித்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரவு வீட்டில்.

திரும்பும்போது சாமானைக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் முகாம் சாமான்களை அறிவித்தே ஆக வேண்டும், சப்பாத்தின் அடியில் ஒட்டிய செம்மண்ணைக்கூடப் பார்ப்பார்கள். சிட்னிச் சித்தப்பாவின் சப்பாத்தைப் பழைய பல் பிரஷால் நானே தேய்த்துக் கொடுத்தேன், அரை மணித்தியாலம் பிடித்தது.