எச்சரிக்கை: சிறு பிள்ளையோடு சிங்கப்பூர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

நாங்கள் திரும்பி வந்து ஆறு நாள் ஆகிறது. பெட்டி ஒன்று இன்னும் பிரிக்காமல் கூடத்தில் கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "போனது போகட்டும்" என்று சும்மா இருந்துவிடுவேன். ஒரு பயண முகவரிடம் ஏமாந்து போனது 2 இலட்சத்து 86 ஆயிரம் ரூபாய். என் கணவர் பதினெட்டு மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு ஒரு வழிக்கு வரும்வரை எழுதாதே என்று தம்பி தடுத்துவிட்டான். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிப்படி ஏறிப் போகிற சிறிய பயண முகவர் நிலையம். முகநூலில் பக்கமும் உண்டு. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மகளுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். கார்ட்டூன் படங்களில் வரும் மினியன் பொம்மைகளை "மஞ்சள் மாமா" என்பாள். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில் 2025 பெப்ரவரியில் மினியன்களுக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். அதன் வீடியோ ஒன்றை யாரோ அனுப்ப, அதைப் பார்த்தவள் சோற்றுக் கோப்பையோடு கதவடியில் போய் நின்றுகொண்டாள், புறப்படுவோம் என்று. "இந்த வயதில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனாலும் அவளுக்கு ஒன்றுதான்" என்றார் மாமியார். கடைசியில் அவர் சொன்னதே சரியாகிவிட்டதில் எனக்குத் தனி வயிற்றெரிச்சல்.

விமான டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேரடியாக, வங்கி அட்டையில் எடுத்தோம். இரண்டு வயது தாண்டிவிட்டால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பறக்க விடமாட்டார்கள், அவளுக்கும் ஓர் இருக்கை. இந்தப் பயணத்தில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். ஹோட்டலையும் பூங்கா டிக்கெட்டையும் முகவரிடம் விட்டுவிடலாம் என்றது நான்தான். கைப்பிள்ளையோடு அங்கே போய் வரிசையில் நின்று அலைய வேண்டாமே என்ற நினைப்பு.

அந்த அலுவலகத்தை இப்போதும் கண்ணை மூடினால் காண்கிறேன். பிள்ளையார் படத்துக்கு அன்று பறித்த செவ்வரத்தம்பூ. முப்பது வயது மதிக்கத்தக்க பையன். என்னை அக்கா, இவரை அண்ணா. தன் மகனும் இதே வயதில் போய் வந்தான் என்று கைபேசியில் படம் காட்டினான். மகள் மேசையை இழுக்கத் தொடங்கியதும் இறப்பர் முத்திரையை எடுத்து மையில் தோய்த்து அவளுடைய புறங்கையில் மெல்லக் குத்திவிட்டான். "பணம் செலுத்தப்பட்டது" என்று ஊதா எழுத்து. இரண்டு நாள் அந்தக் கையைக் கழுவ விடவில்லை அவள். எங்கள் பணத்துக்கு உண்மையில் விழுந்த ஒரே முத்திரை அதுதான் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

கணக்கு இது. நான்கு இரவு ஹோட்டல் 1 இலட்சத்து 72 ஆயிரம். சவாரிகளுக்கு நீண்ட வரிசையில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வசதியோடு பூங்கா டிக்கெட் ஆளுக்கு 32 ஆயிரம், மூன்று பேருக்கு 96 ஆயிரம். "விசா நடைமுறைக் கட்டணம்" என்று ஆளுக்கு 6 ஆயிரம், மொத்தம் 18 ஆயிரம். அட்டையில் கட்டினால் நூற்றுக்கு 3 வீதம் கூடும் அக்கா, வங்கியில் போட்டுவிடுங்கள் என்றான். அந்த 3 வீதம் 8,580 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப்போய் 2 இலட்சத்து 86 ஆயிரத்தை ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டோம். கம்பனிக் கணக்கில் ஏதோ திருத்த வேலையாம், இது மனைவியின் கணக்காம். பிள்ளையாரும் செவ்வரத்தம்பூவும் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் தலையாட்டினோம்.

ஒன்றையும் விசாரிக்காத ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம். ஹோட்டல் உறுதிப்பத்திரம் கைக்கு வந்ததும் சிங்கப்பூருக்கே தொலைபேசி எடுத்தேன். இலக்கத்தைச் சொன்னேன். "ஆம், உங்கள் பெயரில் அறை இருக்கிறது" என்றார்கள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பெயர் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். காசு கட்டியிருக்கிறதா என்று கேட்கவில்லை. இந்தப் பதிவில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த இரண்டு வரியைப் படியுங்கள்.

நள்ளிரவு விமானம். நான்கு மணி நேரப் பயணத்தில் மகள் கண்ணை மூடவேயில்லை. காலையில் லிட்டில் இந்தியாவிலுள்ள ஹோட்டலுக்குப் போனால், வரவேற்பு மேசைப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, முதல் நாள் மாலையே அறை இரத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்றாள். அது வந்து தங்கும்போது பணம் கட்டுகிற வகைப் பதிவு. அப்படி ஒரு பதிவைக் காசில்லாமல் போடலாம், குறித்த நாள்வரை காசில்லாமல் இரத்தும் செய்யலாம். உறுதிப்பத்திரம் மட்டும் அச்சொட்டாக உண்மையாக இருக்கும். நான் எடுத்த தொலைபேசிக்கு அவர்கள் சொன்னது பொய்யில்லை. அன்று பெயர் இருந்தது!

பையனுக்கு எடுத்தேன். "சிஸ்டத்தில் சின்னப் பிரச்சினை அக்கா, பத்து நிமிடம் தாருங்கள்." அந்தப் பத்து நிமிடம் மதியம்வரை நீண்டது. மகள் வரவேற்பறைச் சோபாவில் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனாள், ஒரு காலில் மட்டும் காலுறை. இவர் வாய் பேசாமல் போய்க் கடனட்டையை நீட்டி நான்கு இரவுக்கும் மறுபடி கட்டினார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று மறுநாள் செந்தோசாவுக்குப் புறப்பட்டேன். 2022இன் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்கு கியூ.ஆர். குறியீடு காட்டிப் பழகிய நாங்கள், அந்தக் கறுப்புக் கட்டத்தைக் கண்டால் அது அரசாங்கமே தந்ததுபோல நம்பிவிடுகிறோம். மோனோரயிலில் மகள் துள்ளிய துள்ளல் இருக்கிறதே, உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தச் சில நிமிட மோனோரயில்தான்.

காலை பத்து மணி. வாசலில் குறியீட்டை வைத்தால் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. பூங்கா ஊழியர் பொறுமையாகத்தான் சொன்னார்: மூன்றும் முன்பே பாவித்து முடிந்த டிக்கெட்டுகள். பின்னால் வரிசை நெளிகிறது. மகள் உள்ளே கைகாட்டி "மஞ்சள் மாமா, மஞ்சள் மாமா" என்கிறாள். ஓரமாக வந்து பையனுக்கு எடுத்தால், "அக்கா, இங்கே ஏழரைதானே, அலுவலகம் இன்னும் திறக்கவில்லை" என்கிறான். இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக்கூடச் சாட்டாக்குகிறவனிடம் என்ன பேசுவது? பிறகு சொன்னான்: "நீங்கள் நிற்கிற இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அங்குள்ள எங்கள் ஆளை அனுப்புகிறேன்." பூங்காவுக்கு வெளியே சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டையின் முன்னால் மகளை நிறுத்தி எடுத்து அனுப்பினேன். ஆள் வரவில்லை. பதினொரு மணிக்குப் பிறகு என் இலக்கத்தை முடக்கிவிட்டான்.

டிக்கெட் வாங்கப் போனால் அங்கே இன்னோர் அடி. "பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டாள் பணம் வாங்குகிறவள். சொன்னேன். நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாமாம், இலவசமாம். அவளுக்கென்று 32 ஆயிரம் வாங்கியிருந்தானே! அந்த எக்ஸ்பிரஸ் வசதியும் இந்த வயதுக்கு வெறும் கதை. டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீற்றர் உயரம் வேண்டும், கலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. என் மகள் 91. பெரிய சவாரிகள் எல்லாம் அவளுக்குத் தூரத்திலிருந்து கேட்கிற கூச்சல் மட்டுமே. மினியன் பகுதியில் மஞ்சள் மாமாவைக் கிட்டத்தில் கண்டதும் வீறிட்டு அழுது இவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அரை மணி நேரம் ஒரு மைனாவைத் துரத்தினாள். மைனாவுக்கு வெள்ளவத்தையில் பஞ்சமா?

விசாக் கட்டணம் இன்னும் கேவலம். இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய காலத்துக்குச் சிங்கப்பூர் போக விசா வேண்டியதில்லை. இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். அது இலவசம். அதற்குத்தான் 18 ஆயிரம். அதை நிரப்பியதுகூட நான்தான், "நீங்களே போட்டால் விரைவாக வரும்" என்று இணைப்பை எனக்கே அனுப்பியிருந்தான்.

கொழும்பு வந்த மறுநாளே அந்தப் படியில் ஏறினோம். பையன் இல்லை. இருந்த பெண்பிள்ளை, "சேர் டுபாய் போயிருக்கிறார், செவ்வாய் வாருங்கள்" என்றாள். செவ்வாய் போனால், "மீளளிப்புக்குப் பதினான்கு வேலை நாள் ஆகும், விண்ணப்பம் எழுதித் தாருங்கள்." எழுதிக் கொடுத்தேன். பிரதிக்குக் கையொப்பம் கேட்டேன், தனக்கு அதிகாரம் இல்லையாம். மாலையில் அவளுடைய கைபேசியிலேயே பையனிடம் பேச விட்டாள். "அக்கா, டிக்கெட் வேலை செய்யாவிட்டால் அதை அங்கேதான் கேட்டிருக்க வேண்டும். சின்னப் பிள்ளையை அவ்வளவு அதிகாலையில் அலைக்கழித்தது உங்கள் பிழை" என்றான். என் பிழை! 2 இலட்சத்து 86 ஆயிரமும் கொடுத்து, பிள்ளை வளர்ப்பதற்குப் பாடமும் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். நேற்றுப் போனபோது கதவு பூட்டு. கீழ்க் கடைக்காரர் தலையைச் சொறிந்தார், எங்களுக்கு முன்னும் சிலர் வந்து தேடினார்களாம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கணக்கு வேறொருவர் பெயரில் இருப்பதால் இழுபடும் என்கிறார்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் பதிந்தாயிற்று.

போகிறவர்களுக்கு விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மகள் எழும்பிவிட்டாள், ஆகவே சுருக்கமாக. ஹோட்டலுக்கு நீங்களே எடுத்து "பணம் முழுதும் கட்டப்பட்டதா" என்று கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குச் சதமும் போடாதீர்கள், 3 வீதம் கூடினாலும் அட்டையில் கட்டுங்கள். பூங்கா டிக்கெட்டைப் பூங்காவின் தளத்திலேயே வாங்குங்கள், பிள்ளையின் வயதையும் உயரத்தையும் பார்த்துவிட்டு. முகவரிடம்தான் போவதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. முகநூல் பக்கம் இன்று காலை வேறு பெயரில் வந்திருக்கிறது, டிசம்பர் விடுமுறைக்குச் சிறப்பு விலை என்று. அதில் "எங்கள் மூலம் சென்று மகிழ்ந்த இன்னொரு குடும்பம்" என்று ஒரு படம் போட்டிருக்கிறான். உலக உருண்டை, அதன் முன்னால் மஞ்சள் சட்டையில் ஒரு குழந்தை. அது என் மகள். அந்தப் படத்தை எடுத்த நேரத்தில் நாங்கள் பாவித்து முடிந்த மூன்று டிக்கெட்டோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.