கோடிங் வகுப்பில் சேரும் முன் புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள்

சிகிச்சை விவரங்களை பில்லுக்கான எண்களாக மாற்றும் மெடிக்கல் கோடிங் படிக்கச் சென்னைக்கு வரும் பி.எஸ்சி., நர்சிங், பிசியோ பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அப்படி ஒரு மையத்தில் 42,000 ரூபாய் கட்டி ஏமாந்தவன் நான்.

சேர்க்கை மேசையில் இருந்த அக்கா தேனாகப் பேசினார். "மூணே மாசம் தம்பி, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட், பரீட்சைக் கட்டணமும் இதுலயே அடக்கம்." சரிபார்க்க என்று சொல்லி ஒரிஜினல் டிகிரி சர்ட்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வட்டிக்குப் பணம் வாங்கி வந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்கு வாய் வரவில்லை.

பாடப் புத்தகம் என்று கொடுத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். ஆண்டு போட்டிருக்கும் முதல் பக்கங்கள் இல்லை. ஏன் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. நாம் போடுகிற சிபிடி கோடுகள், அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்கள், அமெரிக்க பில்களுக்கானவை. அமெரிக்க மருத்துவச் சங்கம் அவற்றை வருடா வருடம் திருத்துகிறது, ஜனவரி 1 முதல் புதியதுதான் செல்லும். ஆண்டு தெரியாத ஜெராக்ஸ் பழைய பஞ்சாங்கம் மாதிரி.

தோல் ஒட்டு வகுப்பை மறக்கவே முடியாது. 15100 என்று போர்டில் எழுதி, "உடம்பு, கை, கால்" என்றார் சார். தமிழில் தொடையும் கால்தான், பாதமும் கால்தான். சிபிடியில் அப்படி இல்லை. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து முழங்காலுக்குக் கீழே ஒட்டினால் 15100. அதே தோலைப் பாதத்தில் ஒட்டினால், முகம், கழுத்து இருக்கிற வரிசைக்குப் போய் 15120 ஆகிவிடும். மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கைக்கும் அதே கதைதான். சார் எல்லாவற்றுக்கும் 15100 போட்டார். அளவிலும் கோட்டை விட்டார், தோல் எடுத்த இடத்தை அளக்கச் சொன்னார். அளக்க வேண்டியது ஒட்டுகிற இடத்தை. காலில் 12க்கு 20 செ.மீ. புண் என்றால் 240 சதுர செ.மீ. முதல் 100க்கு 15100 ஒன்று, மிச்சம் 140க்கு, கூடுதல் ஒவ்வொரு 100க்கோ அதில் ஒரு பகுதிக்கோ ஒன்று என்று, 15101 இரண்டு.

இதெல்லாம் கம்பெனித் தேர்வில்தான் வெளுத்தது. சர்க்கரை நோயாளி, பாதத்தில் 18 சதுர செ.மீ. ஆறாத புண், ஆய்வகத்தில் வளர்த்த தோல் மாற்று ஒட்டியிருக்கிறார்கள். ஜெராக்ஸில் படித்தபடி 15340 என்று எழுதினேன். கொழுப்பை உறிஞ்சி எடுத்துக் கன்னத்தில் நிரப்பிய கேஸுக்கு 20926. நேர்முகத்தில் மேடம் சிரிக்கவில்லை, பாவப்பட்டார். "முதல் கோடு 2012-லயே போயிடுச்சு, இப்ப 15275. ரெண்டாவது 2020-ல எடுத்துட்டாங்க, 15773 பாருங்க. எந்த வருஷப் புத்தகம் படிச்சீங்க?" என்ன சொல்வது?

திரும்பி வந்து கேட்டால், "சிபிசி எழுதினால் எல்லாம் சரியாகும், ஆனால் பரீட்சைக் கட்டணம் தனி" என்றார்கள். சேர்க்கும்போது சொன்னதே வேறு. சிபிசி என்பது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு கோடர்களுக்கு நடத்தும் சான்றிதழ்ப் பரீட்சை. அதற்கு 150 கேள்வி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உண்மையில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனால் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அல்ல. சார் தானும் சிபிசி என்பார். ஏஏபிசி தளத்தில் சான்றிதழைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, உறுப்பினர் எண்ணைக் கேட்டேன். கடைசி வரை தரவில்லை. நீங்கள் இதை முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம் இன்னொரு வலை விரித்தார்கள். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெறுகிறவருக்குச் சான்றிதழில் 'ஏ' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டு வரும், அப்ரென்டிஸ் என்று அர்த்தம். அதை எடுக்க, 15,000 கொடுத்தால் இரண்டு வருட அனுபவக் கடிதம் தருகிறார்களாம். வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பின்னணி விசாரணையில் சிக்கி ஒருவனுக்கு வேலை போனது.

சர்ட்டிபிகேட்டைக் கேட்டபோது "பாக்கி 6,000" என்றார்கள். எனக்குப் பாக்கியே கிடையாது, ரசீது இருந்தது. மாமாவை அழைத்துப்போய், அவர்கள் எதிரிலேயே நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பேச ஆரம்பித்ததும் பீரோ சாவி கிடைத்துவிட்டது. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

அந்த ஆண்டுப் புத்தகங்களைச் சொந்தமாக வாங்கி, வீட்டில் ஏழு மாதம் படித்துத் தேர்ச்சி பெற்றேன். இப்போது அறுவை சிகிச்சைக் கோடிங்கில் வேலை. போன மாதம் அந்த வழியாகப் போனேன். வாசல் பேனரில் "பிளேஸ்மென்ட் பெற்ற எங்கள் மாணவர்கள்", மேல் வரிசையில் என் படம். அதை நீக்கச் சொல்லி இரண்டு முறை போன் செய்துவிட்டேன்.