ஆயா வீடு மாறவே இல்லை: குடும்ப வரலாற்று மென்பொருளோடு ஆறு வருஷம்

குடியாத்தத்து நண்பர் போன வாரம் போன் செய்தார். "நீங்க வெச்சிருக்கிற அந்த வம்சாவளி மென்பொருள் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" ஆறு வருஷமாக என் லேப்டாப்பில் இருக்கிறது, 214 உறவுகளை அதில் ஏற்றியிருக்கிறேன். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மரம் வரைவது, போட்டோ சேர்ப்பது எல்லாம் சரியாகவே செய்யும். என் சண்டை ஊர் எழுதும் கட்டத்தோடு மட்டும்தான். மாவட்டமும் மாநிலமும் நிரப்பாமல் அது சேமிக்க விடாது. வட ஆற்காட்டுக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, 1931-இல் வாலாஜாபேட்டையில் பிறந்தார். அடுத்த தெருவில் அத்தை மகனுக்கே வாழ்க்கைப்பட்டார். 2020 தொடக்கத்தில் இறக்கும் வரை அதே வீடுதான். பிறப்புக்கு வட ஆற்காடு, சென்னை மாகாணம் என்று போட்டேன். 1971-இல் கடைசி அத்தை பிறந்தபோது அதே ஜில்லா, ஆனால் மாநிலம் 1969-லேயே தமிழ்நாடு ஆகிவிட்டது. 1993 வீட்டுப் பத்திரத்தில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தபோது வந்த பெயர் அது. ரேஷன் கார்டில் வேலூர். இறப்புச் சான்றிதழில் ராணிப்பேட்டை, புது மாவட்டம் வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது.

மென்பொருள் இதை ஐந்து ஊர் என்று எடுத்துக்கொண்டது. ஆயா நாலு முறை இடம்பெயர்ந்தார் என்று எழுதி, வரைபடத்தில் ஆற்காட்டுக்கு ஒரு கோடு, வேலூருக்கு ஒரு கோடு, திரும்ப ராணிப்பேட்டைக்கு ஒரு கோடு என்று இழுத்து வைத்திருக்கிறது.

அப்பா கதை இதற்கு நேர்மாறு. ரயில்வே வேலையில் அரக்கோணம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மூட்டை கட்டியவர். இன்றைக்கு அவை மூன்றும் மூன்று மாவட்டம். "நான் ஜில்லாவைத் தாண்டினதே இல்லையேடா" என்பார்.

நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பழைய பெயர்களையெல்லாம் இன்றைய பெயராக மாற்றிவிடுங்கள் என்று பதில் வந்தது. அதை எப்படிச் செய்வது? பத்திரத்தில் இருப்பதைத் திருத்தினால் நாளைக்கு என் மகள் எந்த ஆவணத்தில் போய்த் தேடுவாள்? 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரே சித்தூர்தான். கொள்ளுத்தாத்தா காலத்துக் காகிதத்தில் சித்தூர் என்று இருந்தால் அது சித்தூராகத்தான் இருக்க வேண்டும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒலிப்பதிவு சேர்க்கலாம். வறண்ட பாலாற்றில் மணலைத் தோண்டி, ஊற்றில் கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பியதை ஆயா சொல்லும் 11 நிமிஷம் அதில் இருக்கிறது. நடுவில் வெற்றிலை இடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். அப்புறம், நாமே புதுக் கட்டங்கள் சேர்க்கலாம். நான் ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்று இரண்டு சேர்த்தேன். ஆண்களுக்கு மூன்று மாசம், பெண்களுக்கு நாலு மாசம் ஆகியிருந்தால் அவர்கள் பெயர் மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வேலூருக்கு வருகிறவர்களுக்கு இங்கே மாமனும் மச்சானும் இல்லை. ரத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால், யாரை அனுப்பலாம் என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடுகிறேன். இதற்காகவே கொடுத்த பணம் தகும்.

இருந்தாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். போன மாசம் ஆயாவின் திதிக்கு அவர் பக்கத்தை அச்செடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். என் மகள் சத்தமாகப் படித்தாள்: "வாழ்ந்த ஊர்கள் ஐந்து." அப்பா பேனாவை வாங்கினார். ஐந்தையும் அடித்துவிட்டு மேலே வாலாஜா என்று எழுதினார், பக்கத்தில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் போட்டார்.